வார்த்தைக் கணக்கு எங்கே தடுக்குகிறது? சேலத்து மாலை வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

3க + 7 = 22 என்று பலகையில் எழுதினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் உடனே 7-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், 3 ஆல் வகுத்து, க = 5 என்று சொல்லிவிடுவார்கள். வேறு சிலர் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது கணக்கை மாற்றிக் கேட்கிறேன்: "ஒரே விலையில் மூன்று பேனாவும், 7 ரூபாய்க்கு ஒரு அழிப்பானும் வாங்கினேன். மொத்தம் 22 ரூபாய். பேனா என்ன விலை?" இதற்கு முதலில் கை தூக்குவது, முன்பு சும்மா இருந்த பிள்ளைகள். முன்பு கை தூக்கியவர்களில் சிலர் பேனா முனையால் தட்டிக்கொண்டு, சமன்பாட்டை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே கணக்கு.

சேலம் அம்மாபேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி இருவரை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்து எழுதி வைத்தவைதான் இந்த ஆய்வு. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

இருவர்

மாணவியின் அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்கிறார்கள். அவள் படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போய், ஞாயிறு மாலை திரும்புவாள். பறிப்புக் காலத்தில் அம்மா எத்தனை கிலோ பறித்தார், கூலி எவ்வளவு வர வேண்டும் என்பதை மனத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்கிற பிள்ளை. விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் நோட்டில் விடையைத் தவிர ஒரு வரி கூட இருக்காது.

மாணவன் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. அவன் நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். "எனவே", "∴" எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். சமன்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வகுப்பிலேயே அவன்தான் முதலில் முடிப்பான்.

இருவருமே என்.எம்.எம்.எஸ். தேர்வுக்காக வந்தவர்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. வருமான வரம்புக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதன் மனத்திறன் பகுதியில் 90 கேள்விக்கு 90 நிமிடம்தான். பள்ளித் தேர்வோ படிப்படியாக எழுதச் சொல்லி, படிக்கு மதிப்பெண் தருகிறது. முதல் தேர்வு அவளுக்குச் சாதகம், இரண்டாவது அவனுக்கு. ஒரு பாதி மட்டும் கைவந்த பிள்ளைக்கு மேல்வகுப்பில் எந்தத் தேர்வும் கைகொடுக்காது என்பதுதான் என் கவலை.

ஆரம்பத்தில் கொடுத்த தாளில் ஒரு கேள்வியை வேண்டுமென்றே நுழைத்திருந்தேன். "ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் 34 பயணிகள். ஓட்டுநரின் வயது என்ன?" மாணவன் 54 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தான். மாணவி அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

பிரான்சின் கிரனோபிளில் 1980 வாக்கில் கணித ஆசிரியர் குழு ஒன்று இதே மாதிரி கேட்டுப் பார்த்திருக்கிறது. கப்பலில் 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் யோசிக்கவே இல்லை என்று இதைப் படிப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மாணவன் 34-லிருந்து 20-ஐக் கழித்து 14 என்று எழுதவில்லை, பெருக்கி 680 என்றும் எழுதவில்லை. ஓட்டுநருக்குப் பொருந்தக்கூடிய ஒரே விடையைத் தேடி எடுத்திருக்கிறான். அவனிடம் யோசனை இருக்கிறது. எண்களைத் தொட்ட பிறகுதான் அது விழிக்கிறது. கேள்வியைப் படிக்கும்போதே விழிக்க வேண்டும்.

ஆறு செடி, ஒரு மரம்

அடுத்துக் கொடுத்தது ஒரு வரிக் கணக்கு. "ஒரு தோட்டத்தில் ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்துக்கும் 6 காபிச் செடிகள் இருக்கின்றன. செடிகளுக்கு 'செ', மரங்களுக்கு 'ம' என்று வைத்துச் சமன்பாடு எழுது." விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சமன்பாடு மட்டும் போதும்.

மாணவன் 6செ = ம என்று எழுதினான்.

"எப்படிப்பா எழுதினே?"

"ஒரு மரத்துக்கு ஆறு செடிங்க மிஸ். அதான் இந்தப் பக்கம் ஆறு செடி, அந்தப் பக்கம் ஒரு மரம்."

அவன் வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. செடிதான் அதிகம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மனத்தில் ஒரு படம் வரைந்திருக்கிறான்: இடது பக்கம் ஆறு செடி, வலது பக்கம் ஒரு மரம். நடுவில் போட்ட சமக்குறி அவனுக்கு 'இதற்கு இது' என்கிற குறி. 'செ' என்பது செடியின் சுருக்கெழுத்து. சமன்பாட்டில் எழுத்து நிற்பது எண்ணுக்காக, சமக்குறி சொல்வது இரண்டு பக்கமும் ஒரே எண் என்பதை. இது விட்டுப்போனதால்தான் நேர் எதிராக வந்துவிட்டது. சரியான சமன்பாடு செ = 6ம.

இது எட்டாம் வகுப்புக் குழந்தைத்தனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட்டும் கூட்டாளிகளும் முதலாண்டு பொறியியல் மாணவர்கள் 150 பேரிடம் இதே கணக்கைக் கேட்டார்கள். பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், சமன்பாடு எழுதுங்கள் என்பதுதான் கேள்வி. 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் செய்தது என் மாணவன் செய்த அதே தலைகீழ். 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த முடிவு அது. படித்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. இது கவனக்குறைவு இல்லை. 'நன்றாகப் படித்துப் பார்' என்று சொன்னால் போய்விடாது. படித்துப் பார்த்துத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

அவனிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மாணவியைக் கேட்டேன்.

"மரம் பத்துன்னு வெச்சுக்கங்க மிஸ். செடி அறுபது."

"சரி தம்பி, அந்த ரெண்டு எண்ணையும் உன் சமன்பாட்டுல போட்டுப் பாரு."

அவன் 6 × 60 = 10 என்று எழுதினான். 360 = 10. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு 6-ஐ மட்டும் அழித்துக் கொண்டுபோய் 'ம' பக்கத்தில் வைத்தான். 60 = 6 × 10.

அன்றைக்கு இது தீர்ந்துவிட்டது போல இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் வேறு வடிவத்தில் மறுபடி வந்தது. "5 தறிக்கு 2 ஆட்கள்" என்று கொடுத்ததும் 5த = 2ஆ என்று எழுதினான். 10 தறிக்கு 4 ஆள். போட்டுப் பார்த்தால் 50 = 8. சரியானது 2த = 5ஆ. இந்தப் பழக்கம் ஒரு தடவை திருத்தியதும் ஓடிப்போகிற வகை இல்லை என்பதால், வகுப்பு முழுவதற்கும் ஒரு கட்டாயம் வைத்தேன். 'த = தறி' என்று யாரும் எழுதக் கூடாது. 'த = தறிகளின் எண்ணிக்கை', 'க = கொலுசின் எடை, கிராமில்' என்று முழுதாக எழுதிய பிறகுதான் சமன்பாடு. அதற்குக் கீழே, ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுச் சோதித்த ஒரு வரி. வேகம் போகிறது என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். அந்த இரண்டு வரிக்கு அரை நிமிடம் ஆகும். தலைகீழ்ச் சமன்பாட்டைப் பத்து வரி ஒழுங்காகத் தீர்த்துத் தப்பான விடைக்கு வருவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம்.

அவளுடைய முறை

மாணவியின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத் தட்டுவடை செட் கணக்கு உதவியது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தெருக்கடைத் தின்பண்டம் அது. சேலத்துப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. "தட்டுவடை செட் 30 ரூபாய், முறுக்கு செட் 40 ரூபாய். மொத்தம் 18 செட் விற்று 620 ரூபாய் வந்தது. முறுக்கு செட் எத்தனை?"

அவள் உடனே 8 என்றாள். எப்படி என்று கேட்டால், "தெரிஞ்சுதுங்க மிஸ்." இந்தப் பதிலோடு விட்டுவிடக் கூடாது. மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனதில் சொன்னாள்: "பதினெட்டும் தட்டுவடைன்னு வெச்சா 540 தான் வரும். 80 ரூபா குறையுது. ஒரு தட்டுவடையை எடுத்துட்டு முறுக்கு வெச்சா 10 ரூபா ஏறும். எட்டு தடவை மாத்தணும்."

மாணவன் இதே நேரத்தில் எழுதியிருந்தது:

மு = முறுக்கு செட்களின் எண்ணிக்கை
40மு + 30(18 − மு) = 620
10மு + 540 = 620
10மு = 80
மு = 8

இருவரையும் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அவள் சொன்ன 540 அவன் மூன்றாம் வரியில் இருக்கிறது. ஒரு செட்டை மாற்றினால் ஏறும் 10 ரூபாய், மு-வின் கெழுவாக உட்கார்ந்திருக்கிறது. குறைகிற 80 நான்காம் வரியில். மாணவனுக்கு அதுவரை 540 என்பது அடைப்புக்குறியைப் பிரித்தபோது வந்து விழுந்த ஒரு எண், அவ்வளவுதான். அது 'எல்லாமே தட்டுவடையாக இருந்திருந்தால் வந்திருக்கும் பணம்' என்று அன்றைக்குத்தான் பார்த்தான். அவளுக்கோ, தான் மனத்தில் செய்வதற்கு எழுத்து வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதே செய்தி. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அந்த இரண்டு நோட்டும்தான். இயற்கணிதம் புதிதாக எதையும் யோசிப்பதில்லை, யோசனையைத் தாளில் நிற்க வைக்கிறது என்பதை நான் பேசிப் புரியவைத்திருக்க முடியாது.

ஆனால் அவளுடைய முறை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. "ஒரு கூடையில் உள்ள காபிப்பழத்தின் எடையோடு அதில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 கிலோ. கூடையில் எவ்வளவு?" அவள் 14 வைத்துப் பார்த்தாள். 14-ம் 2-ம் 16. குறைவு. 21 வைத்தால் 24. அதிகம். நடுவில் 16, 17 என்று போய், இரண்டுமே ஏழால் வகுபடாததால் நிறுத்திவிட்டு, "கணக்கு தப்புங்க மிஸ்" என்றாள்.

இந்தக் கணக்கு என் சொந்தக் கணக்கு இல்லை. கூடையும் காபியும் மட்டும்தான் நான் சேர்த்தவை. 'ஒரு அளவு, அதனோடு அதன் ஏழில் ஒரு பங்கு, மொத்தம் 19' என்பது கி.மு. 1550 அளவில் அஹ்மஸ் என்ற எழுத்தர் படியெடுத்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருளில் இருக்கிறது. அவர்கள் தீர்த்த விதம் அவளுடைய முறைக்கு அக்கா முறை. விடை 7 என்று வைத்துக்கொள்வார்கள். தப்பு என்று தெரிந்தே வைப்பது. ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக வரும், அதற்காகத்தான். 7-ம் 1-ம் 8. நமக்கு வேண்டியது 19. எட்டைப் பத்தொன்பதாக்க எத்தனை மடங்கோ, ஏழையும் அத்தனை மடங்காக்கு. 7 × 19 ÷ 8. நம் நாட்டில் 12-ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரர் இதை இஷ்டகர்மம் என்ற பெயரில் சொல்லித் தந்திருக்கிறார். விருப்பப்பட்ட எண்ணை வைத்து ஆரம்பிப்பது.

133-ஐ 8 ஆல் வகுத்தபோது 16.625 வந்தது. 16 கிலோ 625 கிராம். தராசில் சர்வசாதாரணமாக வரக்கூடிய எடை. வீட்டுக் கணக்கில் கிராமை விடாத பிள்ளை, பள்ளிக் கணக்கு என்றதும் விடை முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறாள். அப்படி முழு எண்ணாகவே கணக்கு கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது யார் என்று கணக்கு சொல்லித் தரும் எல்லோரும் யோசிக்க வேண்டும். மாணவன் க + க/7 = 19 என்று எழுதி, 8க = 133 என்று அதே இடத்துக்கு வந்து சேர்ந்தான். இதற்குப் பிறகுதான் அவள் எழுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள். மனத்தில் பிடிக்க முடியாத எண் வரும்போது பிடித்துக்கொள்ள ஒரு எழுத்து இருந்தால் நல்லது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்.

மாறாதது எது

வயதுக் கணக்கில் மாணவன் திணறினான். "தாயின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்கு. 13 ஆண்டுக்குப் பிறகு 2 மடங்கு." அவன் எழுதியது 3ம + 13 = 2ம. அதைத் தீர்த்து ம = −13 என்று வந்த பிறகும் இரட்டைக் கோடு போட்டுவிட்டான். அம்மாவுக்கு 13 வயது கூட்டியவன் மகளுக்குக் கூட்ட மறந்துவிட்டான். எழுத வேண்டியது 3ம + 13 = 2(ம + 13). ம = 13, தாய்க்கு 39. பதின்மூன்று ஆண்டு கழித்து 26, 52.

அப்புறம் மாணவியைச் சொல்லச் சொன்னேன். "எத்தனை வருஷம் ஆனாலும் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதானே இருக்கும்?" என்று ஆரம்பித்தாள். இப்போது வித்தியாசம் மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு. பிறகு, தாய் இரண்டு மடங்கு ஆகும்போது வித்தியாசம் மகளின் அப்போதைய வயதுக்குச் சமம். வித்தியாசம் மாறவில்லை என்பதால், மகளின் வயது இரட்டிப்பாகியிருக்க வேண்டும். 13 ஆண்டில் இரட்டிப்பு என்றால் இப்போது 13. கணக்கில் 13-க்குப் பதில் 10 கொடுத்திருந்தால் மகளுக்கு 10, 15 கொடுத்திருந்தால் 15. மூன்று மடங்கு இரண்டு மடங்காகும் வயதுக் கணக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். என்.எம்.எம்.எஸ். மாதிரிக் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

'மாறாதது எது?' என்ற கேள்வியை அன்றிலிருந்து பலகையின் மேல் மூலையில் நிரந்தரமாக எழுதி வைத்தேன். அது மாணவனுக்குக் கைகொடுத்தது, அவன் வீட்டுத் தொழிலைத் தொட்ட கணக்கில். "60 டச் வெள்ளி 300 கிராம் இருக்கிறது. சுத்த வெள்ளி எவ்வளவு சேர்த்து உருக்கினால் 80 டச் ஆகும்?" 60 டச் என்றால் நூறில் அறுபது பங்கு வெள்ளி, மீதி செம்பு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

முதலில் 60 + க = 80 என்று போட்டு 20 கிராம் என்றான். சோதனை வரி எழுதச் சொன்னதும் அவனே பிடித்துவிட்டான்: 300 கிராமில் வெள்ளி 180. 20 சேர்த்தால் 200, மொத்தம் 320. அது 62.5 டச்தான். பட்டறையில் இப்படி ஒரு கணக்கைச் சொன்னால் அப்பா என்ன சொல்வார் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு பலகையின் மூலையைப் பார்த்தான்.

"வெள்ளி மாறுது, மொத்த எடை மாறுது. செம்பு மாறலைங்க மிஸ்."

செம்பு 120 கிராம். அதுவே நூறில் இருபது பங்காக வேண்டும் என்றால் மொத்தம் 600 கிராம் இருக்க வேண்டும். ஆக, 300 கிராம் சேர்க்க வேண்டும். 180 + க = 0.8(300 + க) என்ற சமன்பாட்டையும் எழுதி அதே 300-க்கு வந்தான். இந்த முறை, சமன்பாட்டுக்கு முன்பே விடை என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் நோட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மலைப் பஸ்

ஆண்டு முடியும் சமயத்தில் கொடுத்த கணக்கு இது. "ஒரு பஸ் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறி, வந்த வழியே மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. போய்வந்ததன் சராசரி வேகம் என்ன?"

மொத்த வகுப்பும் 25 என்றது. இருவரும் உட்பட.

எண்ணைத் தொடாமல் பேசச் சொன்னேன். வாரம் தவறாமல் அந்தப் பஸ்ஸில் போகிறவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏறும்போதுதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்போம் மிஸ்" என்றாள். அப்படியானால் பஸ் அதிக நேரம் ஓடுவது 20-இல். சராசரி 20 பக்கம் சாய வேண்டும். 25-க்குக் கீழே, 20-க்கு மேலே. விடை எந்த இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்று பேனா எடுக்காமலேயே முடிவாகிவிட்டது.

மாணவனுக்கு வேறு தொந்தரவு. "தூரம் கொடுக்கலையேங்க மிஸ்?" ஓட்டுநர் வயதுக் கணக்கில் இதைக் கேட்காதவன் இப்போது கேட்கிறான். எனக்கு அது பெரிய சந்தோஷம். கேட்டவனே பதிலையும் தேடட்டும் என்று, தூரத்துக்கு ஒரு எழுத்து வைக்கச் சொன்னேன். தூ = ஒரு வழித் தூரம், கி.மீ.-இல். ஏற தூ/20 மணி, இறங்க தூ/30 மணி, இரண்டும் சேர்ந்து தூ/12 மணி. மொத்தத் தூரம் 2தூ. 2தூ-வை தூ/12 ஆல் வகுத்தால் தூ அடிபட்டுப் போய் 24 நின்றது. சில கணக்கில் விட்டுப்போன தகவல் இல்லாமல் முடியாது. சிலவற்றில் அது தேவையே இல்லை. எது எந்த வகை என்று எழுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. சேலம் ஏற்காடு வழி சுமார் 30 கி.மீ., அதையே போட்டும் சரிபார்த்தார்கள்: ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி, 60 கி.மீ.-க்கு இரண்டரை மணி. 24.

உடனே அடுத்ததைக் கேட்டேன். ஏறியது 20-இல்தான். சராசரி 40 வர வேண்டுமானால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்?

60 என்று பல குரல்கள். மாணவன் குரல் கொடுக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தான். வே = இறங்கும் வேகம். தூ/20 + தூ/வே = 2தூ/40. வலது பக்கமும் தூ/20 தான். கழித்தால் தூ/வே = 0. தூ-வால் வகுத்து 1/வே = 0 என்று எழுதியவன் அங்கேயே நின்றுவிட்டான். "எந்த எண்ணால வகுத்தா ஒண்ணு சைபர் ஆகும்?"

அவள் அவன் நோட்டை எட்டிப் பார்த்தாள். "40-ல போய்வரணும்னா மொத்தம் ஒன்றரை மணிதான் இருக்கு. ஏறுறதுக்கே ஒன்றரை மணி ஆயிடுச்சு. மேல போனப்பவே நேரம் தீர்ந்துபோச்சு. இறங்க நேரமே இல்லை."

அவன் தன் கடைசி வரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு 1/வே = 0 என்பதற்குக் கீழே 'இறங்க நேரம் 0. அப்படி ஒரு வேகம் இல்லை' என்று எழுதிவிட்டு, இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். முழு மதிப்பெண் உண்டு, 'இல்லை' என்று நிரூபித்ததும் ஒரு விடைதான்.

வகுப்பு நேரம் முடிந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் 40-க்கு எவ்வளவு கிட்ட வரலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் சராசரி வேகத்துக்கு 40வே ÷ (வே + 20) என்று ஒரு சூத்திரமே எழுதிவிட்டான். எண்களை அவள் சொன்னாள். 60-இல் இறங்கினால் சராசரி 30. 180-இல் இறங்கினால் 36. மலைப்பாதையில் அப்படி ஒரு பஸ் ஓடாது என்று பின் பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது, இருவரும் காதில் வாங்கவில்லை. 380 போட்டால் 38. அடுத்து 780 போடச் சொன்னாள். 39 வந்தது.